கணக்கைக் காட்டு: ஒரு மஸ்டர் ரோலின் வரலாறு

ஒரு தாளிலிருந்து தொடங்கலாம். கோடு போட்ட நீளமான தாள். இடது ஓரத்தில் வரிசை எண், அடுத்து பெயர், அதற்கடுத்து தகப்பன் பெயரோ கணவன் பெயரோ. பிறகு தேதிவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். கடைசியில் கூலித் தொகையும், அதை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ. இதற்குப் பெயர் மஸ்டர் ரோல். அரசாங்கம் எங்கெல்லாம் கூலிக்கு ஆள் வைத்து மண் வெட்டச் சொல்கிறதோ, அங்கெல்லாம் இந்தத் தாள் இருக்கும்.

1980களின் கடைசியில், மத்திய ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில் இந்தத் தாளை ஒருவர் பார்க்கக் கேட்டால் கிடைத்த பதில்: "அதெல்லாம் அரசாங்க ரகசியம்."

நாட்டின் ராணுவ ரகசியமோ அணுகுண்டுச் சூத்திரமோ இல்லை. யார் எத்தனை நாள் மண் சுமந்தார்கள் என்ற பட்டியல். மண் சுமந்தவரே கேட்டாலும் காட்டமாட்டார்கள். இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கே பிறந்தது என்று யாராவது கேட்டால், பாராளுமன்றத்தைக் கைகாட்டாதீர்கள். இந்த ஒரு பதிலில்தான் அது பிறந்தது.

*

ரகசியம் எப்படி அரசாங்கத்தின் இயல்பான குணமாயிற்று என்பதைப் பார்க்க, ஒரு நூறு வருடம் பின்னால் போகவேண்டும்.

1889-இல் பிரிட்டன் தன் நாட்டுக்கென்று ஒரு அரசு ரகசியச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு இந்தியாவுக்கும் ஒன்று வந்தது. அந்தச் சமயத்தில்தான் கல்கத்தாவின் 'அம்ருத பஜார் பத்ரிகா', காஷ்மீர் விவகாரம் பற்றிய வெளியுறவுத் துறை ஆவணம் ஒன்றை அச்சிட்டு, வைசிராய் லான்ஸ்டவுனின் அரசைக் கடுப்பேற்றியிருந்தது. 1904-இல் கர்சன் காலத்தில் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. ராணுவ விஷயங்களோடு நிற்காமல் சிவில் நிர்வாக விஷயங்களையும் அதற்குள் இழுத்தார்கள். இம்பீரியல் சட்டசபையில் கோகலே இதை எதிர்த்துப் பேசினார். பயனில்லை. 1923-இல் இப்போதும் உயிரோடு இருக்கிற அரசு ரகசியச் சட்டம் வந்தது. அதன் ஐந்தாவது பிரிவு, எது ரகசியம் என்றே தெளிவாக வரையறுக்காமல், அதிகாரபூர்வத் தகவலை அனுமதியின்றிக் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது.

வெள்ளைக்காரன் அவன் நாற்காலியைக் காப்பாற்ற அப்படிச் செய்தான், சரி. அவன் போன பிறகு? சுதந்திர இந்தியா அந்தச் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை. 1967-இல் திருத்தி அதை இன்னும் கடுமையாக்கியது. நம் அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணையைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். அமைச்சராகிறவர் இரண்டு பிரமாணம் எடுக்கிறார். ஒன்று பதவிப் பிரமாணம். இன்னொன்று ரகசியக் காப்புப் பிரமாணம். 'மக்கள் கேட்டால் சொல்வேன்' என்று மூன்றாவதாக ஒரு பிரமாணம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிரான மரபும் உலகில் இருந்தது. 1766-இல் ஸ்வீடன் இயற்றிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்றது. அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஆண்டர்ஸ் கிடேனியஸ் என்ற பாதிரியார். அன்று ஸ்வீடனின் பகுதியாக இருந்த பின்லாந்துப் பக்கத்துக்காரர். அமெரிக்கா இதே வேலையைச் செய்ய 1966 வரை ஆனது. தகவல் உரிமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த இரண்டு ஆண்டுகளையும் குறிப்பிட்டுவிட்டு இந்தியாவுக்கு வருவார்கள், ஏதோ ஸ்வீடனிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு போல. இந்தியாவில் கதை அப்படி நடக்கவில்லை.

*

இந்தியாவில் இந்த உரிமையை முதலில் தெளிவாக எழுதிவைத்தது நீதிமன்றம். 1971 தேர்தலில் ரே பரேலியில் இந்திரா காந்தியிடம் தோற்ற ராஜ் நாராயண், அந்த வெற்றியை எதிர்த்து வழக்குப் போட்டார். பிரதமரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'நீலப் புத்தகம்' ஒன்று இருந்தது. தேர்தல் மேடைகளை அமைக்க அரசு இயந்திரம் எப்படிப் பயன்பட்டது என்பதைக் காட்ட அது வேண்டும் என்றார் அவர். தரமுடியாது என்றது உத்தரப் பிரதேச அரசு. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது.

1975 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நீதிபதி கே.கே. மேத்யூ தன் தனித் தீர்ப்பில் எழுதியதன் சாரம் இதுதான்: பொறுப்புள்ள அரசாங்கத்தில் ரகசியங்கள் மிகச் சிலவே இருக்கமுடியும், பொதுப் பணியாளர்கள் பொதுவில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு. ராஜ் நாராயண் கையில் புத்தகம் உடனே கிடைத்துவிடவில்லை. அதைக் காட்டலாமா கூடாதா என்று நீதிபதி பார்த்து முடிவு செய்யட்டும் என்பதோடு நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. ஆனால் அறியும் உரிமை என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஐந்து மாதம் கழித்து, அதே தேர்தல் வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திராவின் வெற்றி செல்லாது என்றது. நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. ஜனவரியில் மக்களுக்கு எல்லாம் தெரியவேண்டும் என்று எழுதிய நாடு, ஜூனில் எதையும் அச்சிடக்கூடாது என்றது. தீர்ப்பில் இருக்கிற உரிமைக்கும் தெருவில் இருக்கிற உரிமைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் நீதிபதி பகவதி இதையே இன்னும் விரிவாகச் சொன்னார். அதுவும் புத்தகத்தில் நின்றது. ஒரு கூலித் தொழிலாளி அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போய் மஸ்டர் ரோலைக் கேட்கமுடியாது. எந்த ஜன்னலில், எவ்வளவு கட்டணம் கட்டி, எத்தனை நாளில் வாங்குவது? அதைச் சொல்லச் சட்டம் இல்லை.

*

1987-இல் ராஜஸ்தானின் ராஜ்சமந்த் பகுதியில் தேவ்டூங்ரி என்ற சிற்றூரில், ஒரு சின்ன மண் வீட்டில் சிலர் குடியேறினார்கள். அருணா ராய், சென்னையில் பிறந்தவர், 1968-இல் ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்து 1974-இல் வேலையை விட்டவர். நிகில் டே, அமெரிக்காவில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த இளைஞர். சங்கர் சிங், அந்த மண்ணுக்காரர், பொம்மையையும் பாட்டையும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தையே சிரிக்கவைத்து யோசிக்கவைக்கத் தெரிந்தவர். அவர் மனைவி அன்ஷியும் குழந்தைகளும் உடன் இருந்தார்கள். 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளுமாகச் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் கேட்டது தகவலை அல்ல, கூலியை. அடிக்கடி பஞ்சம் வரும் பகுதி அது. பஞ்ச நிவாரண வேலை என்று சாலை போடுவதும் குளம் வெட்டுவதும் நடக்கும். சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி ஒன்று உண்டு, ஆனால் கையில் வருவது அதைவிடக் குறைவு. ஏன் என்று கேட்டால், "நீங்க அளவுக்கு வேலை செய்யலை" என்பார்கள். நாள் முழுக்க வெயிலில் நின்றவரிடம் நீ வேலை செய்யவில்லை என்றால் எப்படி இருக்கும்? எங்கே அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டால், இன்ஜினியரின் அளவைப் புத்தகத்தில் இருக்கிறது என்பார்கள். அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால்? திரும்ப அதே 1923-ஆம் வருடச் சட்டம்.

உண்ணாவிரதம் இருந்து பார்த்தார்கள். ஊர்வலம் போய்ப் பார்த்தார்கள். மெல்ல ஒரு விஷயம் விளங்கிற்று. அதிகாரி பொய் சொல்கிறார் என்று ஆயிரம் முறை கத்தினாலும் பயனில்லை. அவர் கையில் காகிதம் இருக்கிறது, இவர்கள் கையில் இல்லை. காகிதத்தில் இருப்பதே உண்மை என்று ஏற்கும் நிர்வாகத்தில், காகிதத்தைக் கைப்பற்றாமல் கூலியைக் கைப்பற்ற முடியாது.

1994 டிசம்பர் 2. பாலி மாவட்டத்தில் கோட் கிரானா கிராமம். முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, அங்கே நடந்தது. ஆவணங்கள் சட்டப்படிக் கிடைத்தவை அல்ல. மனசாட்சியுள்ள அதிகாரியின் தயவில் கிடைத்தவை. வெட்டவெளியில் துணிப் பந்தல், ஒரு மைக், சுற்றிலும் கிராமத்து ஜனங்கள். மஸ்டர் ரோலிலிருந்து பெயர்களைச் சத்தமாக வாசித்தார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

ஆனால் பெயர் வாசிக்க வாசிக்கக் கூட்டம் சலசலத்தது. அடுத்தடுத்த மாதங்களில் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என்று நடந்த விசாரணைகளிலும் இதேதான். வேலைக்கே போகாதவர் பெயர் பட்டியலில் இருந்தது. பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டவர் அந்தத் தேதியில் இங்கே மண் சுமந்திருந்தார். செத்துப்போனவர் கூலி வாங்கியிருந்தார். கட்டி முடிக்காத கட்டடம் தாளில் முடிந்திருந்தது. பெயர்ப்பலகைகூட இல்லாத கம்பெனி லாரி லாரியாகக் கல் சப்ளை செய்திருந்தது.

தணிக்கை அதிகாரி பத்து வருடம் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாததை, எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கிழவியால் ஒரு நொடியில் சொல்ல முடிந்தது. "அவனா? அவன் செத்து ரெண்டு வருசமாச்சே!" கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாத அறிவு அது. அந்த அறிவும் காகிதமும் ஒரே பந்தலில் சந்திக்கக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை ரகசியமும்.

*

1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டசபையில் அறிவித்தார்: பஞ்சாயத்து வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களை மக்கள் பார்க்கலாம், நகலும் பெறலாம். செய்தித்தாளில் வந்தது. மக்கள் அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனார்கள். "எங்களுக்கு ஆர்டர் வரலையே" என்றார்கள் அங்கே.

ஓர் ஆண்டு பொறுத்தார்கள். 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. அன்றே அரசு ஓர் உத்தரவு போட்டது: ஆவணங்களைப் பார்க்கலாம், ஆனால் ஜெராக்ஸ் எடுக்க முடியாது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியலாம். நகல் இல்லாவிட்டால் நாளைக்கு அந்தத் தாள் மாறிப்போனாலும் நிரூபிக்க வழியில்லை. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் "நான் பார்த்தேன்" என்பதற்கு மதிப்பில்லை. போராட்டக்காரர்கள் உத்தரவை ஏற்கவில்லை. தர்ணா 40 நாள் நடந்தது, இடையில் ஜெய்ப்பூருக்கும் பரவியது. அது நாடாளுமன்றத் தேர்தல் நேரம். வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டுக்கொண்டு போக, நடுத்தெருவில் ஜெராக்ஸ் கேட்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. நகரத்து வியாபாரிகளும் உதவினார்கள்.

இந்தக் காலத்தில் டெல்லியில் பத்திரிகையாளர்கள் சுசீலா என்ற பெண்ணைக் கேட்டார்களாம்: அதிகம் படிக்காத உங்களுக்கு எதற்குத் தகவல் உரிமை? அவர் சொன்ன பதிலை அருணா ராய் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். என் பையனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரில் கோடி கோடியாகச் செலவழிக்கும் அரசாங்கத்திடம் கேட்கக்கூடாதா என்பதே அதன் பொருள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது இயக்கத்தின் முழக்கம் ஆனது. ஸ்வீடனின் பாதிரியார் பத்திரிகைச் சுதந்திரத்தின் வழியாக இந்த உரிமைக்கு வந்தார். ராஜஸ்தானின் பெண் மளிகைக் கடைக் கணக்கு வழியாக வந்தார்.

பியாவர் தர்ணா ஒரு கமிட்டி அமைப்பதோடு முடிந்தது. கமிட்டி அறிக்கை கிடப்பில் போனது. 1997 மேயில் ஜெய்ப்பூரில் மறுபடி உட்கார்ந்தார்கள். இம்முறை 53 நாள். அதன் முடிவில் துணை முதல்வர் வெளியே சொன்ன செய்திதான் இந்த வரலாற்றின் உச்சக்கட்ட நகைச்சுவை. பஞ்சாயத்து ஆவணங்களின் நகல் பெறும் உரிமையை அரசு ஏற்கெனவே, ஆறு மாதத்துக்கு முன்பே, அரசிதழில் அறிவித்துவிட்டதாம். அப்படியென்றால் ஏன் யாருக்கும் தெரியவில்லை? அந்த அறிவிப்பை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

தகவல் அறியும் உரிமை தரப்பட்டுவிட்டது என்ற தகவலே ரகசியம்! புதுமைப்பித்தன் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு கதை எழுதியிருப்பார். நம்பமுடியாதபடி இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

*

பியாவர் ஒரு தூண்டுகோல். 1996-இல் தகவல் உரிமைக்கான தேசியப் பிரசார அமைப்பு உருவானது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் இருந்த பிரஸ் கவுன்சில் ஒரு மாதிரி மசோதாவை எழுதியது.

சட்டம் இயற்றிய முதல் மாநிலம் ராஜஸ்தான் அல்ல, தமிழ்நாடு. 1997-இல், கருணாநிதி ஆட்சியில். பெருமைப்படலாம்தான், கொஞ்சம் பொறுத்து. அந்தச் சட்டத்தில் எதையெல்லாம் தரவேண்டாம் என்ற விலக்குப் பட்டியல் 20-ஐத் தாண்டி நீண்டது. தகவல் தராத அதிகாரிக்குத் தண்டனை கிடையாது. அரசிடமிருந்து விலகி நின்று மேல்முறையீட்டைக் கேட்க ஓர் ஆணையமும் கிடையாது. கீழே இருந்து யாரும் தள்ளாமல் மேலே இருந்து இறங்கிய சட்டம் அது. பலருக்கு அது இருந்ததே தெரியாது. அதே ஆண்டு கோவா, பிறகு ராஜஸ்தான், கர்நாடகா, டெல்லி, மகாராஷ்டிரா என்று வரிசை தொடர்ந்தது.

மத்தியில் 2002-இல் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் எந்தத் தேதியிலிருந்து அமல் என்று அறிவிக்கவே இல்லை. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போட்டு, அப்படியே கதவைப் பூட்டிவிட்டுப் போனது போல. 2004-இல் ஆட்சி மாறியது. அருணா ராயும் அங்கம் வகித்த தேசிய ஆலோசனைக் குழு புதிய வரைவைப் பரிந்துரைத்தது. 2005 மேயில் இரு அவைகளும் நிறைவேற்ற, அக்டோபர் 12 அன்று சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தை இன்று படித்தால், ஒவ்வொரு பிரிவிலும் யாரோ ஒருவர் அலுவலக வாசலில் பட்ட அவமானம் தெரிகிறது. "எதுக்கு உனக்கு?" என்று விரட்டப்பட்டவருக்காக: காரணம் சொல்லத் தேவையில்லை. "நாளைக்கு வா" என்று அலைக்கழிக்கப்பட்டவருக்காக: 30 நாளில் பதில், உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டால் 48 மணி நேரம். பணமில்லாதவருக்காக: மத்திய விதிப்படிப் பத்து ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. பியாவருக்காக: நகல் எடுக்கும் உரிமை. காரணமில்லாமல் தாமதித்தால் அதிகாரியின் சொந்தப் பையிலிருந்து நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம். 250 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் குடிமகனைக் காக்கவைத்ததற்காக ஓர் அதிகாரி தன் சம்பளத்திலிருந்து கட்டவேண்டும் என்பது இந்த நாட்டில் பெரிய சங்கதி.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். சட்டம் வந்த மறு ஆண்டே கோப்புகளில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளை விலக்க ஒரு திருத்தம் தயாரானது; எதிர்ப்பு வலுத்ததால் கைவிட்டார்கள். 2010 ஜூலையில், கிர் காடுகளையொட்டி நடந்த சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பிய அமித் ஜெத்வா, குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜனவரியில் நில மோசடிகளைத் தோண்டிய சதீஷ் ஷெட்டி புனே அருகே கொல்லப்பட்டார். அவர்கள் கேட்டதும் காகிதங்களைத்தான். 2019 திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் முடிவு செய்யும் அதிகாரத்தை மத்திய அரசின் கையில் கொடுத்தது.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு மூலையில், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவு திருத்தப்பட்டிருக்கிறது. பழைய பிரிவு சொன்னது: பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட தகவலைத் தர வேண்டியதில்லை, பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம். கூடவே ஓர் அழகான வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டசபைக்கோ மறுக்கமுடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக்கூடாது. புதிய திருத்தம் இந்த நிபந்தனைகளையெல்லாம் நீக்கிவிட்டு, தனிப்பட்ட தகவல் விலக்கு என்று மட்டும் சொல்கிறது.

அந்தரங்கம் அற்பமான விஷயம் இல்லை. அது அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள், சரியாகவே சொன்னார்கள். நம் செல்பேசி எண்ணை வைத்து யார் யாரோ வியாபாரம் செய்யும் காலத்தில் பாதுகாப்பு வேண்டும்தான். பொதுநலன் பெரிதென்றால் விலக்கைத் தாண்டித் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது என்று அரசுத் தரப்பு பதில் சொல்கிறது. ஆனால் அந்தத் தராசைப் பிடித்திருப்பது யார்? தகவலை மறுக்க விரும்பும் அதே அலுவலகம். மேல்முறையீடு இருக்கிறது, உண்மை. ஆனால் முதல் ஜன்னலிலேயே "பர்சனல், தரமுடியாது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது முன்பைவிடச் சுலபமாகிவிட்டது.

இப்போது அந்தக் கோடு போட்ட தாளை மறுபடி நினைத்துப் பாருங்கள். மஸ்டர் ரோலில் என்ன இருக்கிறது? பெயர், தகப்பன் பெயர், வாங்கிய தொகை, கைரேகை. ஒவ்வொன்றும் தனிப்பட்ட தகவல். ரேஷன் பட்டியல், பென்ஷன் பட்டியல், வீடு கட்ட உதவி வாங்கினவர் பட்டியல் எல்லாமே பெயர்களால் ஆனவை. பெயர்களை அழித்துவிட்டு, "இந்தக் குளத்தில் இத்தனை பேர் வேலை செய்தார்கள்" என்று ஒரு மொத்த எண்ணை மட்டும் கொடுத்தால் கோட் கிரானாவில் யாரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள். எண்ணைப் பார்த்து எந்தக் கிழவியும், இது செத்துப்போன எண்ணாச்சே என்று சொல்லமுடியாது.

அன்று 'அரசாங்க ரகசியம்' என்ற சொல் செய்த வேலையை இன்று 'தனிப்பட்ட தகவல்' என்ற சொல் செய்யக்கூடும். செய்யுமா செய்யாதா என்பதை அந்த ஒரு பிரிவு மட்டும் தீர்மானிக்காது. 1995-இல் முதல்வரின் அறிவிப்பைச் சும்மா ஒரு செய்தி என்று படித்துவிட்டு மடித்து வைத்திருக்கலாம். அந்த மக்கள் அதை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு நடந்தார்கள். சட்டம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே அவர்கள் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். பத்து ரூபாயும் ஒரு வெள்ளைத்தாளும் இருந்தால், நம் ஊர்க் குளத்தின் மஸ்டர் ரோலை இன்றைக்கும் கேட்கலாம். மறுத்தால், எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் தரவேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு காகிதம்தான்.